கண்ணு வெச்ச கேம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போன் கவரும் சார்ஜரும் காதில் சொருகுகிற பொத்தானும் பரப்பி உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு, அதே வரிசையில் உங்களுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்திருந்த கேம் அக்கா எழுதுவது. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள். மத்தியானம் வரைக்கும் உங்கள் பக்கம் ஈ காக்கா வருவதில்லை என்பதைப் போன வாரம் என் கண்ணாலேயே பார்த்தேன்.

போன வாரம் நான் வந்தது கத்தரி நாற்று வாங்க. வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருப்பேன். கவர் விற்கிற தம்பி ஒருவன், "இன்னாக்கா பண்றது, எல்லாம் வூட்ல குந்திகினே ஆன்லைன்ல வாங்கிக்கிறான். நம்ம கதை முடிஞ்சிபோச்சி" என்றான். இன்னும் ஒரு தீபாவளிக் கூட்டத்தைக்கூட முழுசாகப் பார்க்காத பையன். அதற்குள் கதை முடிந்துவிட்டதாம். கதை முடிவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேள் தம்பி. என் கதையை முடிக்கப் பார்த்ததே நீ கவர் போட்டு விற்கிறாயே, அந்தப் போன்தான்.

என் சரக்கு கை கேம். கைக்குள் அடங்குகிற வீடியோ கேம். மேலிருந்து கட்டை கட்டையாக விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும், ஒரு வரிசை நிரம்பினால் மறையும். அப்புறம் கலர் வைத்தது, மடக்குவது, பொம்மை குதிப்பது என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து தள்ளிவிட்ட பழைய சரக்கு எல்லாம் என்னிடம் வந்தது. பெட்டி மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கேம் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஏழெட்டு. அதையே வேகமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை, தலைகீழாக ஒரு தடவை என்று கம்பெனிக்காரர்கள் எண்ணிக்கொள்வார்கள். யாரும் கேட்டதில்லை. அத்தனையும் ஆடி முடித்துவிட்டு வந்து சண்டை போட யாருக்கு ஆயுசு இருக்கிறது?

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பேர் வுட்டுக் காட்டுறது. வாங்க வந்தவர் எதிரில் நீ ஆடிக் காட்ட வேண்டும். நன்றாக ஆட வேண்டும், ஆனால் தோற்க வேண்டும். அதுவும் எப்படி? பார்க்கிறவனுக்கு "ச்சே, நானா இருந்தா அத அந்தப் பக்கம் தள்ளியிருப்பேன்" என்று கை பரபரக்கிற மாதிரி ஒரு கட்டையைக் கோட்டைவிட வேண்டும். உடனே அவன், "குடு இங்க" என்பான். கைக்குப் போய்விட்டால் பையிலிருந்து காசு வந்த மாதிரிதான். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் என்னை மாதிரி அழகாகத் தோற்கிறவள் ஒருத்தி கிடையாது. ஜெயிக்கிறவன் ஊரெல்லாம் இருக்கிறான், அதை விடுங்கள்.

அப்புறம் போன் வந்தது. முதலில் பேசுவதற்கு வந்தது, நான் கவலைப்படவில்லை. பிறகு தொட்டால் நகர்கிற போன் வந்தது. ஒரு குழந்தை அப்பா கையைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் நின்று, நான் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. நான் என் பாணியில் கட்டையைக் கோட்டைவிட்டேன். குழந்தை அப்பாவைப் பார்த்து, "இந்த அக்காவுக்கு ஆடத் தெரியலப்பா, நம்ம போன்லயே ஆடலாம்" என்றது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. தோற்றுக் காட்டினால் கை பரபரத்த காலம் போய், பாவம் என்று பார்க்கிற காலம் வந்துவிட்டது.

வரிசையில் கேம் விற்றவர்கள் ஒவ்வொருவராகக் கவருக்கும் ஸ்க்ரீன் கார்டுக்கும் மாறினார்கள். பக்கத்தில் வாட்ச் விற்ற பாய், "நீயும் மாறிக்க தங்கச்சி" என்றார். வாட்சையும் போன்தான் தின்றுகொண்டிருந்தது, ஆனால் அவர் மாறவில்லை, என்னை மட்டும் மாறச் சொன்னார். "நீங்க மாறுங்க பாய், நான் பின்னாடியே வர்றேன்" என்றேன். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அப்போது ஒரு வெள்ளிக்கிழமை மகேஸ்வரி வந்தாள். செய்யாறு பக்கத்துப் பெண். சிங்கப்பெருமாள் கோவில் அருகே ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கல். வந்தவள் என்ன கேட்டாள் தெரியுமா? "அக்கா, போன் இல்லாத கேம் கீதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது இன்னாடி கேள்வி, சோறு இல்லாத தட்டு கீதான்ற மாதிரி? என்கிட்ட இருக்கறதெல்லாம் போன் இல்லாத கேம்தான்."

"இல்லக்கா. கம்பெனில போனை உள்ள வுட மாட்டாங்க. கேமரா இருக்குதாம். கேட்லயே வாங்கிப் பெட்டில போட்டு பூட்டிடுவாங்க. சாப்பாட்டு நேரத்துல செவுத்த பாத்துகினு குந்தினு இருக்கோம்."

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ஊரெல்லாம் போனில் என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, போனில் இருக்கிற கேமராவால் போன் எங்கே போக முடியாது என்று இந்தப் பெண் சொல்லிவிட்டாள். கேமரா இல்லை, சிம் இல்லை, நெட் இல்லை. என் சரக்கில் இல்லாதது எல்லாமே அன்றைக்கு என் சரக்கின் பெருமை ஆனது. அவளுக்கு ஒன்று கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஹாஸ்டலிலிருந்து கும்பலாக வந்தார்கள். மறைமலை நகர், ஒரகடம் பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். "தைரியமா எடுத்துகினு போ, எந்த கேட்லயும் வுடுவாங்க, நான் சொல்றேன்" என்று ஒவ்வொருத்திக்கும் வாக்குக் கொடுத்து விற்றேன். பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பொறாமை.

ஆனால் புது சரக்கு வருவது நின்றிருந்தது. உடைசல் லாட்டில் கூடு ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம் வாங்கி, ராவி, பசை போட்டு நானே பொருத்துவேன். அப்படி ஒரு லாட்டில் சிவப்புக் கூடு வந்தது. பளபளவென்று இருக்கும். ஏதோ ஒசத்தி மாடலின் கூடு, பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி வட்டம் இருந்தது. அந்த மாடலில் அங்கே கேமரா இருந்திருக்கிறது. கூட்டில் கேமரா கிடையாது, வட்டம் மட்டும்தான். அதற்குள் நம் கட்டை கேம் போர்டைப் பொருத்தினேன். கண்ணாடி ஆடியது, உள்பக்கம் கறுப்பு டேப் ஒட்டினேன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. பெண்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். "அக்கா, அந்தக் கண்ணு வெச்சது குடுங்க, கண்ணு வெச்சது." மகேஸ்வரி பழையதைக் கொடுத்துவிட்டு முதல் ஆளாகக் கண்ணு வைத்ததை மாற்றிக்கொண்டாள்.

உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்கும் பாய்க்கும் அன்றைக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கூடு மாற்றியவளுக்குக் கூடு கூடாகத்தான் தெரியும், கேமராவாகத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. இன்னும் போணி ஆகவில்லை. போன் அடித்தது.

"அக்கா, நான் மகேசு. கேட்டாண்ட கீறேன். செக்யூரிட்டி சார் டேபிள் போன்லேர்ந்து பேசறேன். இன்னிக்குத்தான் பின்னாடி திருப்பிப் பாத்து, கேம்ல கேமரா கீதுன்னு புடிச்சி வெச்சிருக்காரு. எச்.ஆர். மேடம் வந்தா என் பேர கம்ப்யூட்டர்ல ஏத்திடுவாங்களாம். ஏத்திட்டா இந்தக் கம்பெனி மட்டும் இல்லக்கா, அந்தக் காண்ட்ராக்ட்காரர் ஆள் அனுப்புற எந்தக் கம்பெனிலயும் வேலை இல்ல. நீங்க வந்து சொல்லுங்கக்கா." பின்னால் ஒரு ஆம்பளைக் குரல், "யாரும்மா அது, விக்கறவங்களா? வரச் சொல்லு. பாக்கலாம்" என்றது.

நான் எழுந்தேன். பாய் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"போவாத தங்கச்சி. போனா உன்னையும் சேத்து வெச்சிக் கேப்பான். போனை ஆஃப் பண்ணிட்டு போணிய பாரு."

"வுடுவாங்கன்னு வார்த்தை குடுத்திருக்கேன் பாய்."

"வார்த்தைய இன்னா வாரண்டியோடவா குடுத்த?"

நல்ல கேள்விதான். சந்தையில் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் போன பொருளுக்கு நாம் பொறுப்பில்லை என்பதுதான் பேச்சு. ஆனால் அந்தப் பெண் வாங்கியது கேமை இல்லை. கேட்டில் விடுவார்கள் என்ற என் வாய்வார்த்தையைத்தான் வாங்கினாள். கேம் போகிற போக்கில் சேர்ந்து வந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரை முந்தானையில் முடிந்துகொண்டு, "கடைய பாத்துக்கோங்க பாய், தோத்துக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். "எனக்குத் தோக்கத் தெரியாது" என்று பின்னாலிருந்து கத்தினார். அவருக்கு ஆடவே தெரியாது.

செங்கல்பட்டு வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். கெஞ்சலாமா? அழலாமா? சண்டை போடலாமா? வண்டலூர் வந்தபோது முடிவு பண்ணினேன்: ஆடிக் காட்டிவிடலாம். இத்தனை வருஷம் கை கொடுத்த வித்தை. ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து கேட்டுக்குப் போனேன்.

செக்யூரிட்டி ஆபீசர் மீசையெல்லாம் வெள்ளை, முதுகு மட்டும் கம்பி. பட்டாளத்தில் இருந்தவர் என்று நிற்பதிலேயே தெரிந்தது. மேஜை மேல் சிவப்புக் கேம், பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகேஸ்வரி.

"வணக்கம் சார். இது சும்மா கொழந்தைங்க ஆடற கேம் சார். பாருங்க" என்று எடுத்து ஆட ஆரம்பித்தேன். கட்டை விழுந்தது, அடுக்கினேன், வரிசை மறைந்தது. அவர் குனிந்து பார்த்தார். ஆள் விழுந்தார் என்று நினைத்தேன். சரியான நேரத்தில் நீளக் கட்டை ஒன்றை அழகாகக் கோட்டைவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். "அத இடது பக்கம் தள்ளறதுக்கு உனக்கு நேரம் இருந்திச்சி. வேணும்னே வுட்ட."

என் வாழ்க்கையில் என் தோல்வியை யாரும் அப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. கேமை மேஜை மேல் வைத்தேன்.

"எதுக்கும்மா எங்கிட்ட தோக்கற? கேமுக்கு நான் ஒண்ணும் சொல்லல. சாப்பாட்டு ரூம்ல ஆடட்டும். பின்னாடி ஒரு கண்ணு கீதே, அதுக்குப் பதில் சொல்லு."

"அது டம்மி சார். வெறும் அழகுக்கு."

"டம்மின்னு நீ சொல்ற. கேமராவ ஒளிச்சி வெச்சவனும் டம்மின்னுதான் சொல்லுவான். பத்து நிமிஷத்துல மேடம் கார் வந்துடும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, பாருங்கள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தப்பாகப் பேசுகிறவனோடு சண்டை போடலாம். சரியாகப் பேசுகிறவனை என்ன செய்வது? திறந்துதான் காட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"அய்யோ அக்கா, செல்லைக் கழட்டாதீங்க!"

கத்தியது மகேஸ்வரி. ஆபீசரே ஒரு அடி பின்னால் போனார்.

"ஏண்டி?"

"ஸ்கோர் போய்டும்கா!"

அந்தக் கேமில் ஸ்கோர் நிற்பது பேட்டரி செல் இருக்கிற வரைக்கும்தான். செல்லைக் கழற்றினால் சைபர். ஸ்க்ரூ இருப்பதோ செல்லுக்கு அடியில்.

"வேலை போவப் போவுது, உனக்கு ஸ்கோரா?" என்றார் ஆபீசர்.

"உங்களுக்குத் தெரியாது சார். ஹாஸ்டல்ல எங்க மாடிக்கு ஒரே பாத்ரூம். காலைல யாரு முதல்ல குளிக்கறதுன்னு தினம் சண்டை. அதனால கேம்ல யாரு ஸ்கோர் மேல கீதோ அவளுக்குத்தான் முதல் குளியல், செல் தீர்ற வரைக்கும் அதான் சட்டம்னு பேசி வெச்சிருக்கோம். நான் இப்பதான் சார் மேல வந்தேன். இதுக்கு முன்னாடி கடைசில குளிச்சி குளிச்சி ரெண்டு தடவை கம்பெனி பஸ்ஸ வுட்டிருக்கேன்."

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் ஆபீசரைப் பார்த்தேன். இந்தப் பெட்டி அங்கே ஒரு மாடியையே ஆண்டுகொண்டிருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது கேளுங்கள். வாடிக்கையாளர் வேண்டாம் என்று கையைப் பிடிக்கிறார். எதிரில் ஆபீசர். ரோட்டில் மேடம் கார். வாங்கினவள் மனசு கோணக்கூடாது என்பது நம் தொழிலில் முதல் பாடம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் இரண்டு மூச்சு விடுகிற நேரம் யோசித்தேன்.

"வேலையே இல்லன்னா முதல்ல குளிச்சிட்டு எங்கடி போவ?" என்று சொல்லி, செல்லைத் தட்டிவிட்டேன்.

மகேஸ்வரி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். ஸ்க்ரூவைக் கழற்றி, கூட்டைப் பிரித்து மேஜை மேல் வைத்தேன். ஆபீசர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். வட்டத்துக்குப் பின்னால் என் கறுப்பு டேப்.

"இது இன்னாது?"

"டேப் சார்."

"எத மறைச்சி வெச்சிருக்க?"

கண்ணாடி ஆடாமல் இருக்க ஒட்டின டேப், நேரம் பார்த்து என்னையே காட்டிக்கொடுத்தது. வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்களே உரிங்க சார்" என்றேன். என் கை பட்டால் ஏதோ தந்திரம் என்று தோன்றும். அவர் கையாலேயே ஆகட்டும்.

நகத்தால் நெம்பி உரித்தார். கண்ணாடி வட்டம் டேப்போடு வந்துவிட்டது. அவர் கூட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். அப்புறம் மகேஸ்வரியைப் பார்த்தார். அப்புறம் கேட்டைப் பார்த்தார். கேட்டில் மேடம் கார் நின்றிருந்தது.

மேடம் கார் கண்ணாடியை இறக்கி, "என்ன இங்க? என்ன அது கையில?" என்றார்.

ஆபீசர் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓட்டை மேடம்" என்றார்.

"என்னது?"

"இந்தப் பொண்ணோட விளையாட்டுச் சாமான் மேடம். செக் பண்ணிட்டேன். கேமரா இல்ல. ஓட்டைதான்."

மேடம் அந்தக் கூட்டை, என்னை, என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எல்லாம் பார்த்தார். "இதெல்லாம் இன்னும் யாராவது வாங்கறாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார். பதில் என்னிடம் இருந்தது. அவர்தான் நிற்கவில்லை.

ஆபீசர் கண்ணாடி வட்டத்தை என் உள்ளங்கையில் வைத்தார். "கண்ணு உன்னோட போவட்டும். பொட்டி உள்ள போவட்டும்." நான் கூட்டை மூடி, செல்லைப் போட்டு மகேஸ்வரியிடம் நீட்டினேன். ஸ்கோர் இருந்த இடத்தில் சைபராக வரிசை கட்டி நின்றது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு தேங்க்ஸ் இல்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கிக் கடைசிக் குளியல் எனக்குத்தான், உங்களாலதான்" என்று சொல்லிவிட்டு கார்டைத் தேய்த்து உள்ளே போய்விட்டாள். போகட்டும். உள்ளே போனாள் அல்லவா, அதற்குத்தான் நான் வந்தேன்.

சந்தைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, மிச்சம் இருந்த சிவப்புக் கூடுகளில் கண்ணையெல்லாம் நெம்பி எடுத்தேன். வாங்கிப்போனவர்களையும் வரச்சொல்லி எடுத்துக் கொடுத்தேன். அசிங்கமாக இருக்கிறது என்றார்கள், அசிங்கமாகவே வாங்கினார்கள். இல்லாததனால் விற்கிற பொருளுக்கு இருக்கிற மாதிரி வேஷம் போடக்கூடாது. உங்கள் சரக்குக்கும் இதே மாதிரி ஒரு இல்லாதது இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் தொட்டுப் பார்க்க முடியாது, மாட்டிப் பார்க்க முடியாது, திட்ட ஆள் கிடையாது. தேடுங்கள், கிடைக்கும். இதற்கு மேல் நான் சொல்லிக்கொடுத்தால் உங்களுக்கு மரியாதை இல்லை.

அந்தக் கேட்டில் நடந்த இன்னொன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். மகேஸ்வரி உள்ளே போனதும் நான் கிளம்பவில்லை. வியாபாரிக்கு வியாபார புத்தி. இத்தனை தூரம் ரயில் ஏறி வந்திருக்கிறேன், போணி வேறு ஆகவில்லை. அந்த மனுஷனைப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதே கேட், அதே கம்பி. அவருடைய போனையும் பெட்டியில்தான் பூட்டுகிறார்கள். இதைவிட நல்ல கிராக்கி எங்கே கிடைக்கும்?

"சார், நீங்க நல்லா ஆடுவீங்க. அந்த நீளக் கட்டைய புடிச்சீங்களே, அப்பவே தெரிஞ்சிது. கண்ணு இல்லாத மாடல் ஒண்ணு கொண்டாரட்டா? நாள் பூரா இங்கயே நிக்கிறீங்களே, பொழுது போவ வேணாமா?"

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "வேணாம்மா. எனக்கு சும்மா நிக்கத் தெரியும்."

நானும் வழி தேடித் தேடிப் பார்த்தேன். அதற்கு எதிராக என்னிடம் சரக்கு இல்லை. கையில் ஆட எதுவும் வேண்டாம், காதில் சொருக எதுவும் வேண்டாம், தடவிப் பார்க்க எதுவும் வேண்டாம் என்று நிற்கிற மனுஷனுக்கு எதை விற்பாய்? போன் என் வியாபாரத்தில் பாதியைத்தான் தின்றது. ஆன்லைன் உங்களில் கொஞ்சம் பேரைத் தின்னும். ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவரைப் போல சும்மா நிற்கத் தெரிந்துவிட்டால், நானும் காலி, நீங்களும் காலி, போன் கம்பெனிக்காரனும் காலி.

பயப்படாதீர்கள். நான் இத்தனை வருஷத்தில் அப்படிப்பட்ட ஆள் அவர் ஒருத்தரைத்தான் பார்த்தேன்.